நடக்க முடியாதவனும் காலை மாத்திரையும்

போன வாரம் பென்ஷன் விஷயமாக வெளியே போனவன், திரும்பும்போது ஆட்டோவைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தச் சொல்லி, காந்தி சிலைக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய நடைத்தோழர் ஒருவர் பார்த்துவிட்டார். ஒரு காலத்தில் நானும் அவரும் சேர்ந்துதான் காலை ஐந்தரைக்குக் காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை போய் வருவோம். என் வயிற்றைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார். "என்ன அண்ணே, இன்னும் அந்தத் தைராய்டு மாத்திரையா? நடையை விட்டீங்க, அதான் எல்லாம் ஏறிப்போச்சு. தினம் நாற்பது நிமிஷம் நடங்க, மாத்திரையே வேணாம்" என்றார்.

நல்ல மனிதர். அக்கறையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துத் தலையாட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. காரணம், மூன்று வருடத்துக்கு முன் அதே எண்ணத்தில்தான் நான் ஒரு காரியம் செய்து, ஓர் இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து என் மனைவியை அழவிட்டேன். அதை இதுவரை எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். என் வயதொத்தவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பதால் இப்போது எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நடையின் வேலை வேறு, தைராய்டு மாத்திரையின் வேலை வேறு. நடக்க முடியாமல் போனவர்கள் அந்தக் குறையை மாத்திரையில் ஈடுகட்டப் பார்ப்பதும் தவறு, "நடையே இல்லை, மாத்திரை மட்டும் எதற்கு" என்று விட்டுவிடுவதும் தவறு. இரண்டும் உயிருக்கு ஆபத்து. நான் டாக்டர் இல்லை, அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆனால் பன்னிரண்டு வருடமாக இந்த மாத்திரையோடு குடித்தனம் நடத்துகிறவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் இந்தச் சுரப்பியைப் பற்றி நாலு வார்த்தை. தொண்டையின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி இருப்பதுதான் தைராய்டு. உடம்பின் அடுப்பை எவ்வளவு எரிய விடுவது என்று தீர்மானிப்பது அது சுரக்கும் ஹார்மோன். அது குறைந்தால் உடம்பு மந்தமாகிறது. குளிர் தாங்காது, மலம் இறுகும், முகம் ஊதும், தோல் வறளும், மனசே கனத்துப்போகும். அளவு மீறினால் எல்லாம் தலைகீழ். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது, வியர்வை கொட்டும்.

எனக்குப் பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு. எங்கள் வகுப்பில் 'திக்தே' எழுதும்போது தப்பு அதிகமானால் ஆசிரியர் "க்ரெத்தேன்!" என்று திட்டுவார். முட்டாள் என்ற அர்த்தத்தில்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, எனக்குத் தைராய்டு என்று சொன்ன பிறகு, பழைய லரூஸ் அகராதியைப் புரட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் இல்லாததால், பிறக்கும்போதே தைராய்டு குறைந்து, வளர்ச்சி குன்றி, அறிவு மந்தப்பட்ட குழந்தைகளைக் குறித்த சொல்லாம் அது. ஒரு நோயின் பெயரை வசவாக்கி எங்களைத் திட்டியிருக்கிறார்கள். திட்டியவருக்கும் தெரிந்திருக்காது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்தார். அதற்கு முன்பெல்லாம் இந்த நோய் முற்றினால் மீள வழியே கிடையாது. இன்று நமக்கு ஒரு மிளகு அளவு மாத்திரையில் முடிகிறது.

அந்த மாத்திரை லெவோதைராக்சின். சுரப்பி தரவேண்டியதைத் தராதபோது, அதே ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிறோம். அவ்வளவுதான். அது ஊக்க மருந்தும் இல்லை, எடை குறைக்கும் மருந்தும் இல்லை. எடை குறைக்க இதைச் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்காவில் மருந்துத் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். தைராய்டு குறைவால் ஏறும் எடையும் நாம் நினைக்கிற அளவு இல்லை. சாதாரணமாக இரண்டு முதல் நாலரை கிலோ வரைதான், அதிலும் பெரும்பங்கு உடம்பில் தங்கும் நீரும் உப்பும். மீதியெல்லாம் சாப்பாடும் உட்கார்ந்த இடமும் செய்கிற வேலை. பழியைத் தைராய்டு மேல் போட்டுவிடுகிறோம், வசதியாக இருக்கிறது.

இனி என் கதை. 2019-ல் இதயத்தில் ஸ்டெண்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகும் மெதுவாக நடந்துகொண்டுதான் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு முழங்காலும் தேய்ந்து, மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேவைப்பட்டது. ஆபரேஷன் செய்யலாமா என்றால் இதயத்தைப் பார்த்து யோசித்தார்கள். நடை நின்றது. எலும்பு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதினார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரையும் எழுதினார். என்னிடம் ஏற்கெனவே இருந்தது 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை. எல்லாவற்றையும் காலையில் உள்ளங்கையில் கொட்டி, ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடுவேன். மறக்காமல் இருக்கும் அல்லவா!

நாலு மாதம் போனது. எடை 68-லிருந்து 73 ஆனது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழுந்தேன். பேரனின் பேச்சுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருந்தது. ரத்தப் பரிசோதனை செய்தேன். டி.எஸ்.எச். 9.8 என்று வந்தது. நானே பேப்பரைப் படித்து நானே தீர்ப்பும் எழுதினேன். நடை நின்றது, அதனால் தைராய்டு ஏறியது, ஆகவே மாத்திரையைக் கூட்டவேண்டும். டாக்டரிடம் போகவில்லை. போனால் "எடையைக் குறையுங்கள், நடங்கள்" என்பார், அதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கினேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

இதற்கிடையில் கால்சியம் மாத்திரை வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா, நடக்காமலே குறைத்துவிட்டேன்" என்று மனைவியிடம் பெருமை பேசினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "என்னங்க, பேனா பிடிக்கிற கை நடுங்குதே" என்றாள். வயசாச்சு என்றேன். ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுவது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. அதையும் முழங்கால் கணக்கில் எழுதினேன்.

ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணி இருக்கும். நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு சிறகடிப்பது போல இருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தால் கணக்கே இல்லை. இரண்டு துடிப்பு ஓடி வரும், ஒன்று காணாமல் போகும், மறுபடி நாலு ஓடும். வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பையன்தான் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனான். இ.சி.ஜி. எடுத்துவிட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிற நிலை. ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஸ்டெண்ட் வைத்தவனுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

காலையில் வந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிட இளையவள். டி.எஸ்.எச். 0.03 என்று ரிப்போர்ட்டைக் காட்டி, "ஐயா, தைராய்டு மாத்திரையைக் கூட்டினது யாரு?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். "நான்தான்" என்றேன். நாற்பது வருடம் ஆபீஸில் ஒரு மெமோ வாங்காதவன் நான். அன்று தலை நிமிரவில்லை.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. வீட்டிலிருந்து மாத்திரைப் பை முழுவதையும் கொண்டுவரச் சொன்னார். எந்த மாத்திரை எந்த நேரத்தில், எப்போதிலிருந்து, எப்போது மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினார். பிறகு சொன்னார். தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒன்றாக வயிற்றில் இறங்கினால் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் அதுவும் கொஞ்சம் தடுக்கும். அதனால்தான் முதலில் டி.எஸ்.எச். ஏறியது. நடை நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு கால்சியத்தை மத்தியானத்துக்கு மாற்றியதும் தடை விலகிவிட்டது. ஏற்கெனவே போதுமான மாத்திரை, அதற்கு மேல் பாதி, முழுவதும் உள்ளே போய்விட்டது.

அதாவது என் நடையை நிறுத்திய நோய்க்குக் கொடுத்த மருந்துதான் தைராய்டு மாத்திரையைக் கெடுத்தது. நான் பழியை நடையின் மேல் போட்டேன். இதைத்தான் எல்லோரும் கவனிக்கவேண்டும் என்று சொல்கிறேன். நடக்க முடியாமல் போவதற்கு நமக்குக் காரணம் என்ன? முழங்கால், முதுகெலும்பு, இதயம், எலும்பு முறிவு. இவற்றோடு கூடவே வருவது கால்சியம், இரும்புச்சத்து, கேஸ் மாத்திரை, புளிப்பைக் குறைக்கும் மருந்து. நடை நின்ற சமயமும் இந்த மாத்திரைகள் வீட்டுக்குள் வந்த சமயமும் ஒன்றாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரிவது நடை நின்றது மட்டும்தான்.

இன்னொன்றும் அந்த டாக்டர் சொன்னார், அது இன்னும் சுட்டது. அளவு மீறிய ஹார்மோன் சதையையும் கரைக்கும், எலும்பையும் மெலியவைக்கும். நான் பெருமைப்பட்ட அந்த இரண்டு கிலோவில் தொடைச் சதையும் சேர்த்தி. என் முழங்காலைத் தாங்கிப்பிடிக்க இருந்த ஒரே துணை அந்தச் சதை. அதையும் நானே விற்றுத் தின்றிருக்கிறேன்.

சில நாள் மாத்திரையை நிறுத்தி, துடிப்பைக் கட்டுப்படுத்தவும் ரத்தம் உறையாமலிருக்கவும் மருந்து கொடுத்து, பிறகு பழைய 75-க்கே திரும்பினேன். துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. எல்லோருக்கும் அப்படி வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம்.

இது கூட்டியவன் கதை. நிறுத்தியவர் கதையும் ஒன்று இருக்கிறது. என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த நண்பர், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானார். "படுத்தே கிடக்கேன், எனக்கெதுக்கு தைராய்டு மாத்திரை" என்று விட்டுவிட்டார். வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்து இழுத்துப் பேசினார். என் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. மருமகள் தனியாக அழைத்து, "மாமாவுக்கு மறதி நோய் வந்துட்டுது போல" என்று கண்கலங்கினாள். நான் கேட்ட ஒரே கேள்வி, "காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை சாப்பிடுவாரே, அது நடக்குதா?" என்பதுதான். பரிசோதனையில் டி.எஸ்.எச். ஐம்பதைத் தாண்டியிருந்தது. கொலஸ்டிராலும் ஏறியிருந்தது. மிகக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டினார்கள். வயதானவர்களுக்கு, அதிலும் இதயம் பழுதானவர்களுக்கு, 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில்தான் தொடங்குவார்களாம். சில மாதத்தில் மனிதர் பேப்பர் படித்து அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார். எல்லா மறதியும் தைராய்டு அல்ல. ஆனால் மறதி என்று முத்திரை குத்துமுன் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடவேண்டும்.

இனி, நான் இன்று எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. அதன் பிறகு முழுதாக ஒரு மணி நேரம் எதுவும் கிடையாது. காப்பிதான் பெரிய சோதனை. டிகாஷன் இறங்கும் வாசனை அடுப்படியிலிருந்து வரும்போது ஒரு மணி நேரம் என்பது ஒரு யுகம். ஆனால் காப்பியும் இந்த மாத்திரையைத் தடுக்கும் என்பது உறுதியான விஷயம். குறைந்தது அரைமணி, ஒரு மணி என்றால் நல்லது. அந்த நேரத்தில் பல் தேய்க்கிறேன், பேப்பர் படிக்கிறேன், நாற்காலிப் பயிற்சி செய்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன். காலை காப்பியை விடவே முடியாது என்கிறவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாமா என்று தங்கள் டாக்டரைக் கேளுங்கள். அப்படியும் வேலை செய்கிறது. எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. எனக்கு இப்போது கால்சியம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கேஸ் மாத்திரை விஷயம் கொஞ்சம் வேறு. அது நாள் முழுவதும் அமிலத்தைக் குறைப்பதால், நேரத்தைத் தள்ளிவைப்பது மட்டும் போதாது. அதை ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும் டாக்டரிடம் சொல்லி, ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

ஏன் ஆறு வாரம்? இந்த மருந்தின் பாதி உடம்பிலிருந்து இறங்கவே ஏழு நாள் ஆகும். அதனால் இன்று அளவை மாற்றினால் அதன் முழுப் பலன் ஒரு மாதத்துக்கு மேல் போனால்தான் ரத்தத்தில் தெரியும். பத்து நாளில் பரிசோதித்துவிட்டு "ஒன்றும் குறையவில்லையே" என்று இன்னும் கூட்டுவது சுத்த அவசரம். ஒரு நாள் மறந்தால் குடி முழுகாது என்பதும் இதனால்தான். ஆனால் அதையே சாக்காக வைத்து வாரத்தில் மூன்று நாள் மறக்கக் கூடாது.

மாத்திரைப் புட்டியை அடுப்படி அலமாரியிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலும் கடற்காற்று ஈரமும் அதைக் கெடுக்கும். மூடியை இறுக மூடி, வெளிச்சம் படாத, வீட்டிலேயே குளுமையான இடத்தில் வையுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். அது ரிப்போர்ட்டையே பொய்யாக்கிவிடும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மருந்துக் கடையில் "அந்தக் கம்பெனி இல்ல சார், இதுவும் அதேதான்" என்று வேறு புட்டியைக் கொடுப்பார்கள். பெயர் அதேதான், அளவும் அதேதான். ஆனால் இது மைக்ரோகிராமில் கணக்குப் பார்க்கும் மருந்து. பாரிஸ் புறநகரில் இருக்கும் என் சித்தப்பா மகள் 2017-ல் ராத்திரி வேளையில் போன் செய்து அழுதாள். அந்த வருடம் பிரான்சில் பெரும்பாலோர் சாப்பிட்டுவந்த தைராய்டு மாத்திரையில் மருந்தை மாற்றாமல் அதோடு சேர்க்கும் பொருளை மட்டும் மாற்றினார்கள். லாக்டோஸுக்குப் பதில் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும். சுமார் 30 லட்சம் பேர் சாப்பிடும் மாத்திரை அது. தலைசுற்றல், அசதி, முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கானவர்கள் புகார் செய்தார்கள். கடைசியில் பழைய வகையைத் தற்காலிகமாக மறுபடி விற்பனைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வழக்கும் நடந்தது. என் தங்கைக்கு டி.எஸ்.எச். தடம் மாறியிருந்தது, அளவைச் சரிசெய்ததும் தேறினாள். அவளுக்கு இருந்த கோபம் ஒன்றுதான்: "அண்ணே, மாத்திரையை மாத்தினதை முன்னாடியே ஒரு வார்த்தை விளக்கமா சொல்லியிருக்கலாம் இல்ல?" எனக்கும் அதே எண்ணம்தான். கூடியவரை ஒரே கம்பெனி மாத்திரையில் இருங்கள். மாறவேண்டி வந்தால் தேதியைக் குறித்துவைத்து, ஆறு எட்டு வாரத்தில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறுவதும் வேண்டாம். அந்தத் தாளில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் எல்லா வயதுக்கும் ஒன்றுதான். வயது ஏற ஏற டி.எஸ்.எச். கொஞ்சம் உயர்வது இயல்பு. எழுபதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரையோடு 4 முதல் 6 வரை இருந்தாலே போதும் என்பது அமெரிக்கத் தைராய்டு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். டி.எஸ்.எச். சற்றே உயர்ந்திருந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து ஐரோப்பாவில் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசமே தெரியவில்லை. ஏற்கெனவே தைராய்டு உறுதியாகி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், என் நண்பர் கதை நினைவிருக்கட்டும். நான் சொல்வது, இந்த வயதில் எண்ணைக் கீழே கொண்டுபோவதையே குறியாக வைத்து மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டரை நச்சரிக்கவேண்டாம் என்பதுதான். நம் வயதில் குறைவாக இருப்பதைவிட மிகையாக இருப்பது இதயத்துக்கும் எலும்புக்கும் கெடுதல்.

இதற்கெல்லாம் நான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். குமாஸ்தா புத்தி போகுமா! நீள நோட்டில் கோடு போட்டு ஆறு பத்தி: தேதி, மாத்திரை அளவு, டி.எஸ்.எச்., எடை, நாடித்துடிப்பு, கடைசியில் 'புதிதாகச் சேர்ந்த மருந்து'. அந்தக் கடைசிப் பத்திதான் முக்கியம். அது அன்று இருந்திருந்தால் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கமாட்டேன். இதய டாக்டருக்கு எலும்பு டாக்டர் எழுதியது தெரியாது, எலும்பு டாக்டருக்குத் தைராய்டு தெரியாது. மூன்று சீட்டையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே ஆள் நாம்தான். எந்த டாக்டரிடம் போனாலும் நோட்டை முதலில் மேஜைமேல் வைத்துவிடுகிறேன்.

சரி, நடைக்கு என்ன செய்வது? மாத்திரை நடைக்கு ஈடாகாது என்று சொன்னேன். நடையைச் சும்மா விட்டுவிடவும் சொல்லவில்லை. ஃபிசியோதெரபி பையன் ஒருவன் வந்து சொல்லிக்கொடுத்ததைத் தினமும் செய்கிறேன். கைப்பிடி உள்ள நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு கையிலும் பிடித்துத் தோள்வரை தூக்குவது. கைப்பிடியை ஊன்றி எழுந்து, மறுபடி உட்காருவது. முதலில் மூன்று தடவைதான் எழ முடிந்தது. இப்போது பத்து. நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடம். இதயக்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும், மூச்சை அடக்கிச் செய்யக் கூடாது.

எடைக்கு வைத்தியம் தட்டில்தான் இருக்கிறது. இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் முட்டையும் வைத்தாள் மனைவி. சாயங்கால மிக்சர் டப்பாவை எனக்கு எட்டாத அலமாரிக்கு மாற்றினாள். ஒரு வருடத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். இந்தத் தடவை கை நடுங்கவில்லை, நாற்காலியிலிருந்து எழுவது எளிதாகியிருக்கிறது. அதனால் இது சதையில் போன எடை அல்ல என்று நம்புகிறேன்.

கடைசியாக, கடற்கரையில் நடக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நடப்பது நல்லது, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஆனால் தடியூன்றி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து "நடந்தால் மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அவன் சோம்பேறி என்றுதான் அது அவன் காதில் விழும். வெட்கப்பட்டவன் டாக்டரிடம் போகமாட்டான். வீட்டில் உட்கார்ந்து மாத்திரையைப் பாதியாக உடைப்பான், அல்லது புட்டியையே தூக்கி எறிவான். நான் உடைத்தவன், அதனால்தான் சொல்கிறேன். அவனிடம் ஏதாவது கேட்டே ஆகவேண்டும் என்றால், "கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீங்க, புது மாத்திரை ஏதாவது சேர்ந்திருக்கா?" என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் அந்தப் பழைய நடைத்தோழரைப் பார்க்கப் போகிறேன். அவருடைய மனைவிக்கும் தைராய்டு, போன மாதம்தான் முழங்காலுக்குக் கால்சியம் எழுதினார்களாம். காலையில் எல்லாவற்றையும் சேர்த்தே விழுங்குகிறார்களா என்று கேட்கவேண்டும்.